ஓடும்போது ஆஃப் ஆகி, பிறகு ஸ்டார்ட் ஆகாத பழைய மாருதி 800: கோளாறைப் பிடிக்கும் முறை

கார்ப்பரேட்டர் வைத்த மாருதி 800 வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை பழக்கமானது. வண்டி நன்றாகத்தான் போகும். திடீரென்று ஆஃப் ஆகும். செல்ஃப் அடித்தால் இன்ஜின் சுற்றும், பிடிக்காது. அரை மணி நேரம் நிழலில் நின்றால் ஒன்றுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகி வீட்டுக்கு வந்து சேரும். மறுநாள் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனால் அங்கே கோளாறே இருக்காது. மெக்கானிக் பிளக்கை மாற்றுவார், கார்ப்பரேட்டரைக் கழற்றிக் கழுவுவார், பாயின்ட் புதிதாகப் போடுவார். அடுத்த வாரம் மறுபடியும் அதே கதை.

இந்தக் கோளாறைப் பிடிக்கும் நேரம் ஒன்றே ஒன்றுதான்: வண்டி நின்றுபோன முதல் ஐந்து நிமிடம். இன்ஜின் ஆறியதும் கோளாறு ஒளிந்துகொள்ளும். அப்புறம் செய்வதெல்லாம் ஊகம், ஊகத்துக்குக் கொடுக்கும் விலைதான் தேவையில்லாமல் மாற்றும் பார்ட்ஸ். அதனால் சோதனைக்கு வேண்டியதை வண்டியிலேயே வைத்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே ஒரு கேள்விக்கு விடை கண்டுபிடியுங்கள்: பிளக்கில் கரண்ட் வரவில்லையா, கார்ப்பரேட்டருக்குப் பெட்ரோல் வரவில்லையா?

1983 டிசம்பரில் வந்த முதல் மாடலுக்கும், 1986-இல் வந்த புதிய உருவத்துக்கும், 2000-இல் எம்பிஎஃப்ஐ (கார்ப்பரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டரால் பெட்ரோல் பீய்ச்சும் முறை) வரும்வரை விற்ற கார்ப்பரேட்டர் வண்டிகளுக்கும் இங்கே சொல்வது பொருந்தும். எல்லாவற்றிலும் 796 சிசி, மூன்று சிலிண்டர், பெல்ட்டில் சுற்றும் ஒற்றை கேம்ஷாஃப்ட். பழைய வண்டிகளில், பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள், காயிலின் கரண்டைத் திறந்து மூடும் பாயின்ட்டும், பாயின்ட் முகம் கருகாமல் காக்கும் கண்டென்சரும் இருக்கும். பின்னால் வந்தவற்றில் எலெக்ட்ரானிக் இக்னிஷன். பத்மினி, அம்பாசடர் வைத்திருப்பவர்களுக்கும் முறை இதேதான், அளவுகள்தான் மாறும்.

வண்டியில் இருக்க வேண்டியவை

ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர், 12 வோல்ட் டெஸ்ட் லேம்ப், பிளக் ஸ்பேனர், நன்றாக இருக்கும் பழைய பிளக் ஒன்று, பில்லர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்), ஸ்க்ரூ டிரைவர், 10 ஆம்பியர் ஃபியூஸ் கோத்த இரண்டு மீட்டர் வயர், இரண்டு முனையிலும் முதலைக் கிளிப். 5 மில்லி சிரிஞ்ச் ஒன்று. சிறிய தீயணைப்பான் ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். சூடான இன்ஜின் மேல் பெட்ரோல் குழாயைக் கழற்றப் போகிறீர்கள்.

பானெட்டைத் திறக்கும் முன் ஹேண்ட்பிரேக் போட்டு நியூட்ரலில் விடுங்கள். ரேடியேட்டர் ஃபேன் மின்சாரத்தில் ஓடுவது; இன்ஜின் நின்ற பிறகும் தானாகச் சுற்றத் தொடங்கும். துப்பட்டா, வேட்டி நுனி, தளர்ந்த சட்டைக்கை எதுவும் பக்கத்தில் போகக்கூடாது.

எப்படி நின்றது என்பதே பாதி விடை

சாவியைத் திருப்பி அணைத்தமாதிரி ஒரே வெட்டில் நின்றால் கரண்ட் பக்கம் கோளாறு. இரண்டு மூன்று குலுக்கல், ஆக்சிலேட்டரை மிதித்தும் இழுவை இல்லாமை, பிறகு மெதுவாகச் சாவது, இது பெட்ரோல் பக்கம். கனமாகி, பின்னால் கரும்புகை விட்டு, பெட்ரோல் வாடையோடு நின்றால் பெட்ரோல் அதிகம் இறங்குகிறது. ரேஸ் கொடுத்தால் ஓடுகிறது, காலை எடுத்தால் நிற்கிறது என்றால் அது தனிக் கோளாறு, பின்னால் வருகிறேன்.

வண்டி நின்றதும் சாவியைத் திருப்பிவிடாமல் டாஷ்போர்டைப் பாருங்கள். சாவி ஆன் நிலையில் இன்ஜின் நின்றால் ஆயில் விளக்கும் சார்ஜ் விளக்கும் எரிய வேண்டும். இரண்டுமே எரியவில்லை என்றால் இன்ஜினில் தேட வேண்டாம். பேட்டரி டெர்மினல், மெயின் ஃபியூஸ், இக்னிஷன் சுவிட்ச், இந்த மூன்றில் ஒன்று. சாவியை லேசாக ஆட்டிப் பாருங்கள், விளக்கு வந்து வந்து போனால் சுவிட்சின் பின்பக்கக் கான்டாக்ட் தேய்ந்திருக்கிறது. சாவிக்கொத்தில் பத்துச் சாவி தொங்கவிடுபவர்களின் வண்டியில் இது சீக்கிரம் வரும்.

முதலில் இன்ஜின் உண்மையில் சுற்றுகிறதா?

செல்ஃப் சத்தத்தைக் கவனியுங்கள். மெதுவாக, இழுத்து இழுத்துச் சுற்றினால் பேட்டரியை அளவிடுங்கள். சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட் இருந்தால் முழுச் சார்ஜ், 12.2-க்குக் கீழே போனால் பாதிதான் இருக்கிறது. செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே இறங்கக் கூடாது. இறங்கினால் இன்ஜின் சுற்றும், ஆனால் காயிலுக்கு (பேட்டரி வோல்ட்டைப் பொறிக்கு வேண்டிய உயர் வோல்ட்டாக மாற்றுவது) மிச்சம் இருக்கும் வோல்ட் நல்ல பொறியைத் தராது. தள்ளினால் ஸ்டார்ட் ஆகிறது, செல்ஃபில் ஆகவில்லை என்ற புகாருக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

பேட்டரி நன்றாக இருந்தும் இழுவை இல்லையென்றால் எர்த்தைப் பாருங்கள். மீட்டரின் ஒரு முனை பேட்டரி நெகட்டிவ் கம்பத்தில், மறுமுனை இன்ஜின் பிளாக்கில் சுத்தமான உலோகத்தில். ஒருவர் செல்ஃப் அடிக்கட்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பட்டை அரித்துப்போயிருக்கிறது. கடற்கரை ஊர்களில் இந்தப் பட்டை வெளியே முழுசாகத் தெரியும், முனையில் உள்ள லக்குக்குள் பச்சை பூத்திருக்கும். புதிதாகப் போடுங்கள், விலை மிகக் குறைவு.

மாறாக இன்ஜின் வழக்கத்தைவிட வேகமாக, எதிர்ப்பே இல்லாமல் "விர்ர்" என்று சுற்றினால் டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம். இந்த வண்டியில் டிஸ்ட்ரிபியூட்டரைச் சுழற்றுவது கேம்ஷாஃப்ட். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, செல்ஃப் அடிக்கச் சொல்லி உள்ளே சுற்ற வேண்டிய ரோட்டாரைப் பாருங்கள். ரோட்டார் அசையாமல் நின்றால் பெல்ட் போய்விட்டது. அதற்கு மேல் எதையும் சோதிக்க வேண்டாம், டோ செய்து கொண்டுபோங்கள். பெல்ட் அறுந்த இன்ஜினைத் திரும்பத் திரும்பச் சுற்றுவது நல்லதல்ல.

கரண்ட் இருக்கிறதா?

ஒரு பிளக்கின் எச்டி வயரை (பிளக்குக்கு உயர் வோல்ட் கொண்டுவரும் தடித்த வயர்) கழற்றி, கையில் இருக்கும் பழைய பிளக்கை மாட்டி, அதன் உலோக உடம்பு இன்ஜினில் அழுத்தமாகப் படும்படி வையுங்கள். கார்ப்பரேட்டருக்குத் தூரமாக. கையில் பிடிக்காதீர்கள். செல்ஃப் அடித்தால் "டிக் டிக்" என்ற சத்தத்தோடு நீலப் பொறி வர வேண்டும். மஞ்சளாக, மெல்லியதாக, வெயிலில் கண்ணுக்கே தெரியாமல் வந்தால் அதை "இருக்கிறது" என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. திறந்த காற்றில் பலவீனமாகத் தெரியும் பொறி, சிலிண்டருக்குள் அழுத்தத்தில் வரவே வராது. எலெக்ட்ரானிக் இக்னிஷன் வண்டியில் எச்டி வயரை எதிலும் படாமல் தொங்கவிட்டுச் செல்ஃப் அடித்தால், பாயின்ட்டின் வேலையைச் செய்யும் இக்னைட்டர் எரிந்துபோகும்.

மூன்று பிளக்கிலும் பொறி இல்லையென்றால் மூடியின் நடுவில் இருந்து வரும் காயில் வயரில் இதே சோதனை. நடு வயரில் பொறி இருக்கிறது, பிளக்கில் இல்லை என்றால் மூடியும் ரோட்டாரும் மட்டும்தான் மிச்சம். மூடிக்குள் நடுவில் இருக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்து விழுந்திருக்கிறதா, உட்சுவரில் பென்சிலால் கோடு கிழித்தமாதிரி கரிக்கோடு ஓடுகிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். அந்தக் கோட்டைச் சுரண்டி வண்டியை வீடு கொண்டுவந்து சேர்க்கலாம். மூடி மாற்றித்தான் ஆக வேண்டும். மழைக்காலத்தில் மட்டும் வரும் கோளாறு என்றால் சந்தேகமே வேண்டாம், மூடியும் எச்டி வயரும்தான். ரோட்டார் பார்க்க நன்றாக இருந்தும் உள்ளே ஓட்டை விழுந்து கரண்ட் நேராக ஷாஃப்ட்டுக்குப் போய்விடும். சோதிக்க, மூடியைக் கழற்றி, காயில் வயரின் முனையை ரோட்டாரின் நடு உலோகத்துக்கு 5 மி.மீ. மேலே நிறுத்தி, மரக்கட்டையால் தாங்கிச் செல்ஃப் அடியுங்கள். ரோட்டாருக்குப் பொறி தாவினால் அது ஓட்டை.

நடு வயரிலும் பொறி இல்லையென்றால் டெஸ்ட் லேம்ப் எடுக்க வேண்டும். இந்த ஒரு சோதனையை நன்றாகப் பழகிக்கொண்டால் இக்னிஷன் கோளாறில் பாதிக்கு மேல் ரோட்டோரத்திலேயே தெரிந்துவிடும்.

லேம்ப்பின் கிளிப்பை எர்த்தில் மாட்டுங்கள். சாவி ஆன். முனையை காயிலின் பிளஸில் வையுங்கள். எரியவில்லை என்றால் காயிலுக்குக் கரண்டே வரவில்லை. ஃபியூஸ், சுவிட்ச், வயர் வழியாகப் பின்னோக்கிப் போங்கள். எரிந்தால் முனையை காயிலின் மைனஸுக்கு மாற்றிச் செல்ஃப் அடியுங்கள். லேம்ப் மின்னி மின்னி எரிய வேண்டும். பாயின்ட் மூடும்போது அணையும், திறக்கும்போது எரியும். மின்னினால் பாயின்ட் வேலை செய்கிறது. பிறகும் பொறி இல்லையென்றால் காயில் அல்லது கண்டென்சர். விடாமல் எரிந்துகொண்டே இருந்தால் எர்த்துக்குப் போகும் வழி அறுந்திருக்கிறது: பாயின்ட் மூடவில்லை, அல்லது பாயின்ட் முகத்தில் எண்ணெயும் கரியும், அல்லது டிஸ்ட்ரிபியூட்டருக்குள் வயர் அறுந்திருக்கிறது. எரியவே இல்லை என்றால் பாயின்ட் திறக்கவில்லை, அல்லது கண்டென்சர் ஷார்ட், அல்லது காயிலின் உட்சுற்று அறுந்துவிட்டது. கடைசி மூன்றைப் பிரிக்க, காயில் மைனஸில் இருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் வயரைக் கழற்றுங்கள். இப்போது மைனஸில் லேம்ப் எரிந்தால் காயிலின் உட்சுற்று அறுந்திருக்கவில்லை, கோளாறு டிஸ்ட்ரிபியூட்டருக்குள்.

பாயின்ட் இடைவெளி 0.40 முதல் 0.45 மி.மீ. பில்லர் கேஜ் லேசாக உரசிப் போக வேண்டும். பாயின்ட்டின் ஃபைபர் குதிகால் கேமில் தேயத் தேய இடைவெளி குறையும். ஒருநாள் திறக்காமலே நின்றுவிடும். புதுப் பாயின்ட் போட்டவர் கேமில் கிரீஸ் வைக்க மறந்திருந்தால் ஆயிரம் கிலோமீட்டருக்குள்ளேயே இது நடக்கும். நெல்மணி அளவு கிரீஸ் போதும். அதிகம் வைத்தால் சிதறிப் பாயின்ட் முகத்தில் படியும். டிஸ்ட்ரிபியூட்டர் ஷாஃப்ட்டைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் ஒரு சிலிண்டருக்கு வைத்த இடைவெளி இன்னொன்றுக்கு நிற்காது, எத்தனை பாயின்ட் மாற்றினாலும் ஐட்லிங் சரியாகாது.

டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் சிறிய வயரைப் பலரும் பார்ப்பதில்லை. வேக்கம் அட்வான்ஸ் (இன்ஜினின் இழுப்புக்கு ஏற்பப் பொறி வரும் நேரத்தை மாற்றுவது) ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் பாயின்ட் பிளேட் நகர்கிறது, வயரும் வளைகிறது. வருடக்கணக்கில் வளைந்து வளைந்து இன்சுலேஷனுக்குள் இழைகள் அறுந்துவிடும், வெளியே ஒன்றும் தெரியாது. பிளேட் ஒரு நிலையில் இருக்கும்போது கான்டாக்ட் உண்டு, இன்னொரு நிலையில் இல்லை. அதனால் ஐட்லிங்கில் நன்றாக ஓடும், ரேஸ் கொடுத்தால் வெட்டும், அல்லது நேர்மாறாக. மூடியைக் கழற்றி, மீட்டரைத் தொடர்ச்சி சோதனையில் வைத்து, வயரை மரக்குச்சியால் மெதுவாக வளைத்து அசையுங்கள். மீட்டரின் பீப் விட்டு விட்டு வந்தால் குற்றவாளி கிடைத்துவிட்டது. மாற்றும்போது வீட்டு வயரிங்குக்கு வாங்கும் தடித்த கம்பி வேண்டாம். மெல்லிய இழைகள் நிறைய உள்ள வளையும் வயர் போடுங்கள். பிளேட்டை எர்த் செய்யும் வெறும் செப்புப் பின்னல் வயரையும் அப்படியே சோதியுங்கள்.

காயில், கண்டென்சர் இரண்டும் சூட்டில் மட்டும் ஏமாற்றும். காயிலைத் தொட்டால் கை வைக்க முடியாத சூடு, வண்டி நின்றிருக்கிறது, பொறி இல்லை. அப்போதே மீட்டரால் அளவிடுங்கள். வோல்ட்டைக் குறைத்துக் கொடுக்கும் ரெசிஸ்டர் இல்லாமல் ஓடும் காயிலில் பிளஸுக்கும் மைனஸுக்கும் இடையே சுமார் 3 ஓம், ரெசிஸ்டருடன் ஓடும் காயிலில் 1.2 முதல் 1.6 ஓம், நடுக்கம்பத்துக்கும் பிளஸுக்கும் இடையே பெரும்பாலான காயில்களில் 8 முதல் 15 கிலோ ஓம். முதலில் மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டு, காட்டும் எண்ணைக் கழித்துக்கொள்ளுங்கள். சிறிய ஓம் அளவில் அதுவே தவறான முடிவுக்குக் கொண்டுபோகும். சூட்டில் அளவு எங்கோ போய், ஆறியதும் சரியாக வந்தால் காயில் மாற்ற வேண்டியதுதான். மீட்டர் இல்லாத அவசரத்தில் ஈரத்துணியை காயில் உடம்பில் சுற்றி ஐந்து நிமிடம் வைத்துப் பாருங்கள், கம்பங்களில் தண்ணீர் படாமல். ஸ்டார்ட் ஆனால் அதுவே சான்று.

கண்டென்சர் 0.20 முதல் 0.25 மைக்ரோ ஃபாரட் இருக்க வேண்டும். கண்டென்சர் கெட்டால் பாயின்ட் முகம் கருகி நீலம் பாயும், பொறி மஞ்சளாகும். இன்று கடையில் கிடைக்கும் புதுக் கண்டென்சர்களில் கணிசமானவை தரமில்லாதவை. அதனால் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பழைய கண்டென்சரை, பாயின்ட் மாற்றும் சாக்கில் தூக்கிப்போடாதீர்கள். அளந்து பார்த்து வையுங்கள், வண்டியிலேயே ஸ்பேராக இருக்கட்டும். சென்னையில் இருப்பவர்கள் புதுப்பேட்டையில் பழைய ஒரிஜினல் டிஸ்ட்ரிபியூட்டர், காயில் தேடிப் பார்க்கலாம். மீட்டரைக் கையோடு எடுத்துப்போய் அங்கேயே அளந்து வாங்குங்கள்.

இன்னொரு அடையாளம். செல்ஃப் அடிக்கும்போது இன்ஜின் பிடிக்கிறது, சாவியை விட்டதும் அந்த நொடியே செத்துவிடுகிறது. காயில் பக்கத்தில் வெள்ளைப் பீங்கான் ரெசிஸ்டர் உள்ள வண்டிகளில், சாவி ஆன் நிலையில் காயிலுக்குக் கரண்ட் வரவில்லை என்று அர்த்தம். செல்ஃப் அடிக்கும்போது காயிலுக்குத் தனி வயரில் முழு வோல்ட் வரும், சாவியை விட்டதும் ரெசிஸ்டர் வழியாக வரும். ரெசிஸ்டர் அறுந்திருந்தால், அல்லது சுவிட்சில் ஆன் கான்டாக்ட் போயிருந்தால் இப்படித்தான் நடக்கும். இதைக் கார்ப்பரேட்டர் கோளாறு என்று நினைத்து ஜெட் மாற்றுபவர்கள் நிறைய. ரெசிஸ்டரை ஓரம்கட்டி நேரடியாக வயர் கொடுத்து ஓட்டவும் கூடாது, காயிலும் பாயின்ட்டும் வெந்துபோகும்.

எலெக்ட்ரானிக் இக்னிஷன் வண்டிகளில் பாயின்ட்டுக்குப் பதில் பிக்கப் காயிலும் (ஷாஃப்ட் சுற்றுவதை உணர்ந்து சிக்னல் தருவது) இக்னைட்டரும். இரண்டுமே சூட்டில் கெடும் பொருள்கள். பிக்கப் காயிலின் ஓம் அளவை ஆறிய நிலையில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், நின்றுபோன சூட்டில் அளந்து ஒப்பிடுங்கள். முடிவில்லாத அளவு காட்டினால் அறுந்திருக்கிறது. அதன் காற்றிடைவெளியைப் பித்தளை பில்லர் கேஜால்தான் பார்க்க வேண்டும், இரும்பு கேஜ் காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும். இக்னைட்டரைக் கழற்றி மாட்டியவர் அதன் அடியில் சூடு கடத்தும் வெள்ளைப் பசை தடவாமல் விட்டிருந்தால் புது இக்னைட்டரும் சீக்கிரம் போகும்.

பெட்ரோல் வருகிறதா?

பொறி நீலமாக இருக்கிறது, ஸ்டார்ட் ஆகவில்லை. ஏர் கிளீனர் மூடியைக் கழற்றி, இன்ஜினை அணைத்த நிலையில் கார்ப்பரேட்டர் தொண்டைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். ஆக்சிலேட்டர் நெம்புகோலைக் கையால் சட்டென்று இழுத்தால் மெல்லிய பெட்ரோல் கோடு பீய்ச்ச வேண்டும். வந்தால் கார்ப்பரேட்டரில் பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் சேம்பரில் பெட்ரோல் இருக்கிறது. வராவிட்டால் சிரிஞ்சில் 5 மில்லி பெட்ரோலைத் தொண்டையில் ஊற்றி, மூடியைத் திரும்ப வைத்து, முகத்தைத் தள்ளிவைத்துச் செல்ஃப் அடியுங்கள். மூடி திறந்திருந்தால் பின்னடித்துத் தீ மேலே வரும். இரண்டு மூன்று விநாடி ஓடி நின்றால் முடிவாகிவிட்டது: இக்னிஷன் சரி, பெட்ரோல் வந்து சேரவில்லை.

அடுத்தது பெட்ரோல் டேங்க் மூடி. திறக்கும்போது "உஸ்" என்று காற்று உள்ளே இழுத்தால், திறந்த பிறகு வண்டி ஸ்டார்ட் ஆனால், காற்று போகும் துளை அடைத்திருக்கிறது. பெட்ரோல் குறையக் குறைய டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி பம்ப்பை எதிர்த்து இழுக்கும். சந்தேகம் இருந்தால் சில நாள் மூடியைப் பாதி இறுக்கத்தில் வைத்து, டேங்கை நிரப்பாமல் ஓட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

பம்ப்பைச் சோதிக்க, கார்ப்பரேட்டருக்கு வரும் ஹோஸைக் கழற்றி ஒரு பாட்டிலுக்குள் விடுங்கள். தீப்பொறி வராமல் இருக்க காயிலின் பிளஸ் வயரைக் கழற்றி இன்சுலேஷன் டேப் சுற்றிவிடுங்கள். பத்து விநாடி செல்ஃப். இன்ஜினில் கேம்ஷாஃப்ட் தள்ளுவதால் இயங்கும் பம்ப் இது; ஒவ்வொரு தள்ளலுக்கும் பெட்ரோல் துள்ளித் துள்ளிப் பீய்ச்ச வேண்டும். சொட்டு சொட்டாக வந்தால் பம்ப் அல்லது பம்ப்புக்கு முன்னால் அடைப்பு. குமிழியோடு வந்தால் இழுக்கும் பக்கத்தில் எங்கோ காற்று புகுகிறது. ஹோஸில் வெடிப்பு இருந்தும் சொட்டுப் பெட்ரோல்கூட வெளியே தெரியாது, உள்ளே காற்று இழுப்பதால். பலரை ஏமாற்றும் இடம் இதுதான். கிளிப்புக்கு அடியில் ஹோஸை வளைத்துப் பாருங்கள், கோடு கோடாக வெடித்திருக்கும்.

பம்ப்புக்குள் இருக்கும் டயாபரம் (மெல்லிய சவ்வு) கிழிந்திருந்தால் பம்ப்பின் அடித்துளையில் ஈரம் தெரியும், அல்லது பெட்ரோல் ஆயிலில் கலக்கும். ஆயில் கோலை எடுத்து முகர்ந்து பாருங்கள். அளவு ஏறி, பெட்ரோல் வாடை அடித்தால் அந்த ஆயிலோடு ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள். ஆயில் நீர்த்துப்போனால் பேரிங் போய்விடும். பம்ப்பும் ஆயிலும் ஃபில்டரும் ஒன்றாக மாற்ற வேண்டும்.

பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓடி நிற்கிறது, கால் மணி நேரத்தில் தானாகச் சரியாகிறது, வெயில் மழை எந்தக் காலத்திலும் இதே கதை என்றால் டேங்கைச் சந்தேகியுங்கள். டேங்கின் அடியில் இருக்கும் துருவும் கசடும் பெட்ரோலின் இழுப்பில் உறிஞ்சும் குழாயின் வலையில் போய் அப்பிக்கொள்ளும். இன்ஜின் நின்றதும் இழுப்பு போகும், அழுக்கு உதிர்ந்து கீழே படியும், வழி திறக்கும். காற்றடித்துச் சரிசெய்தோம் என்று ஒர்க்‌ஷாப்பில் சொன்னால் அழுக்கு இன்னும் உள்ளேயே இருக்கிறது என்று பொருள். இரண்டு வாரத்தில் திரும்ப வரும். டேங்கை இறக்கி, கழுவி, காயவைத்து, இன்லைன் ஃபில்டரைப் புதிதாகப் போட்டால்தான் முடியும். பழைய ஃபில்டரை அறுத்து வெள்ளைக் காகிதத்தில் கொட்டிப் பாருங்கள். செம்பழுப்புத் தூள் கொட்டினால் கண்டுபிடிப்பு உறுதி.

இப்போது நாடு முழுவதும் பங்கில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். 1980-களிலும் 90-களிலும் போட்ட ரப்பர் ஹோஸ், பம்ப் டயாபரம், ஆக்சிலேட்டர் பம்ப்பின் சிறு டயாபரம் எதுவும் இதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. ஊறிப் பெருத்து, பிறகு இறுகி வெடிக்கும். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். அதிகம் சேர்ந்தால் தண்ணீரும் எத்தனாலும் பிரிந்து டேங்கின் அடியில் தங்கும், உறிஞ்சும் குழாய் முதலில் இழுப்பது அதைத்தான். மாதக்கணக்கில் ஓடாமல் நின்ற வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் ஃபில்டரில் இருந்து பெட்ரோலைக் கண்ணாடிக் குப்பியில் பிடித்து ஒரு மணி நேரம் வையுங்கள். இரண்டு அடுக்காகப் பிரிந்தால் முழுவதும் வடித்துவிட வேண்டும். ஹோஸ் மாற்றும்போது எத்தனால் தாங்கும் எஸ்ஏஇ ஜே30 ஆர்9 என்று அச்சிட்டதைக் கேட்டு வாங்குங்கள். சாதாரணத் தண்ணீர்க் குழாய் சில வாரத்தில் உப்பிவிடும்.

கடும் வெயிலில், நெரிசலில் ஊர்ந்து போகும்போது மட்டும் நிற்கிறது என்றால் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகிறது. ஹோஸ் எக்சாஸ்ட் மேனிஃபோல்டை ஒட்டிப் போகிறதா பாருங்கள், தகடு அல்லது சூடு தாங்கும் உறை போட்டு விலக்குங்கள். திரும்பும் குழாய் உள்ள பம்ப் என்றால் அது அடைத்திருக்கிறதா என்று ஊதிப் பாருங்கள். பம்ப்பின் மேல் ஈரத்துணி போட்டதும் ஸ்டார்ட் ஆனால் இதுதான். துணி எக்சாஸ்ட்டில் படக் கூடாது, வார்ப்பிரும்பு விரிசல் விடும்.

ஐட்லிங்கில் மட்டும் நிற்பது

காலை எடுத்தால் நிற்கிறது, ரேஸில் ஓடுகிறது. கார்ப்பரேட்டரில் ஒரு வயரோடு சிறிய சோலினாய்டு (கரண்ட் வந்தால் ஐட்லிங் பெட்ரோல் வழியைத் திறக்கும் வால்வு) இருந்தால் முதலில் அதைப் பாருங்கள். சாவி போட்டதும் "டக்" என்று சத்தம் வர வேண்டும். வயரைக் கழற்றித் திரும்பத் தொட்டாலும் அதே சத்தம். சத்தம் இல்லை, ஆனால் வயரில் 12 வோல்ட் இருக்கிறது என்றால் சோலினாய்டு போய்விட்டது. வயரில் வோல்ட் இல்லையென்றால் கனெக்டர். இந்த ஒரு வயர் கழன்றதற்காகக் கார்ப்பரேட்டர் முழுவதையும் ஓவர்ஹால் செய்யக் கூடாது.

சோலினாய்டு சரியென்றால் ஐட்லிங்குக்குப் பெட்ரோல் தரும் ஸ்லோ ஜெட்டில் அடைப்பு, அல்லது வேக்கம் லீக் (இன்ஜின் இழுக்கும் வழியில் வெளிக்காற்று புகுவது). பிரேக் பூஸ்டர் உள்ள வண்டியில் அதற்குப் போகும் ஹோஸையும் மற்ற வேக்கம் ஹோஸ்களையும் ஒவ்வொன்றாகக் குறடால் அழுத்திப் பாருங்கள். எதை அழுத்தும்போது ஐட்லிங் மாறுகிறதோ அங்கே லீக். மேனிஃபோல்ட் கேஸ்கெட்டில் சோப்புத் தண்ணீர் தெளித்து, சத்தம் மாறுகிறதா என்று கேளுங்கள். கார்ப்பரேட்டர் கிளீனர் ஸ்பிரே அடித்துச் சோதிப்பது சூடான இன்ஜினில் தீ விபத்துக்கு வழி.

சூடாக நிறுத்திப் பத்து நிமிடத்தில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் பிடிக்கவில்லை, பெட்ரோல் வாடை வருகிறது என்றால் ஓவர்ஃப்ளோ. ஆக்சிலேட்டரை ஒரே மிதியாக அடிவரை மிதித்து, விடாமல் பிடித்து, பத்து விநாடி செல்ஃப் அடியுங்கள். மிதித்து மிதித்து விட்டால் ஒவ்வொரு மிதிக்கும் பெட்ரோல் கூடும். அப்படி அடித்து இன்ஜின் ஸ்டார்ட் ஆனால், ஃப்ளோட் சேம்பருக்குள் பெட்ரோலை நிறுத்தும் நீடில் வால்வும் ஃப்ளோட் அளவும் பார்க்க வேண்டும். கார்ப்பரேட்டரில் கண்ணாடி இருந்தால் பெட்ரோல் அதன் நடுப்புள்ளி அளவில் நிற்க வேண்டும். செல்ஃபைப் பத்து விநாடிக்கு மேல் ஒரே மூச்சில் அடிக்காதீர்கள், இடையில் ஒரு நிமிடம் ஓய்வு கொடுங்கள்.

எதுவும் பிடிபடவில்லை என்றால்

டெஸ்ட் லேம்ப் போல ஒரு சிறு பல்பை காயில் பிளஸில் இருந்து வயர் இழுத்து, ஃபியூஸ் கோத்து, டிரைவர் சீட் முன்னால் தெரியும்படி மாட்டி சில நாள் ஓட்டுங்கள். நிற்கும் நொடியில் பல்பும் அணைந்தால் சுவிட்ச், ஃபியூஸ், வயர் பக்கம். பல்பு எரிந்துகொண்டே இன்ஜின் நின்றால் காயிலுக்கு அப்புறம் உள்ளவை, அல்லது பெட்ரோல். சுவிட்சின் மேல் சந்தேகம் என்றால் ஃபியூஸ் கோத்த வயரைப் பேட்டரி பிளஸில் இருந்து ரெசிஸ்டரின் சுவிட்ச் பக்கத்துக்கு, ரெசிஸ்டர் இல்லாத வண்டியில் காயில் பிளஸுக்கே கொடுத்து, வீட்டு வாசலில் ஓடவிட்டுப் பாருங்கள். இன்ஜினை அணைக்க அந்த வயரைத்தான் கழற்ற வேண்டும், சாவி அணைக்காது என்பதை நினைவில் வையுங்கள்.

நான்கு பெருநகரங்களில் 1995 ஏப்ரல் முதல் புதிய கார்களுக்குக் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் கட்டாயமானது. அந்த வண்டிகளில் இத்தனை வருடத்துக்குப் பிறகு கன்வெர்ட்டர் உள்ளே உடைந்து எக்சாஸ்ட்டை அடைத்திருக்கலாம். ஸ்டார்ட் ஆகும், ரேஸ் ஏறாது, திணறி நிற்கும், வால்குழாயில் காற்றே வராது. எக்சாஸ்ட்டைக் கன்வெர்ட்டருக்கு முன்னால் தளர்த்தி ஓடவிட்டால் தெரிந்துவிடும்.

2000-க்குப் பிந்தைய எம்பிஎஃப்ஐ வண்டியில் மேலே சொன்ன பாயின்ட், மெக்கானிக்கல் பம்ப் எதுவும் இல்லை. சாவி போட்டதும் பின் சீட்டுக்கு அடியில் இரண்டு விநாடி பம்ப் முனகல் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் ரிலே, ஃபியூஸ், பம்ப் என்று தேடுங்கள். கேட்டும் பொறி இல்லையென்றால் டிஸ்ட்ரிபியூட்டரில் உள்ள சென்சாரும் அதன் கனெக்டரும். அதற்கு ஸ்கேனர் வைத்திருக்கும் இடத்துக்குப் போவதே சரி.

கோளாறைக் கண்டுபிடித்து ஒரு பார்ட் மாற்றியதும், அடுத்ததை மாற்றாமல் அதோடு ஓட்டுங்கள். எந்தச் சூழலில் முன்பு நின்றதோ அதே சூழலில்: அதே நேரம், அதே வெயில், அதே நெரிசல், டேங்கில் அதே அளவு பெட்ரோல். கழற்றிய பழைய பார்ட்டில் எந்தத் தேதியில், எத்தனை கிலோமீட்டரில் கழற்றியது என்று ஒரு டேப்பில் எழுதி ஒட்டி டிக்கியில் வையுங்கள். கோளாறு திரும்பினால், புதுப் பார்ட் நன்றாக இருக்கும்பட்சத்தில் பழைய பார்ட் குற்றவாளி இல்லை, அதைத் திரும்பப் பயன்படுத்தலாம்.